பழி ஓரிடம்

2008 மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிய வாரம். நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்து தானாகவே எழ ஆரம்பித்தது. முதலில் நாளுக்கு ஒரு தடவை. பிறகு மணிக்கு ஒரு தடவை. எக்செல்லில் வீட்டுக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பேன். நீலமாக ஒரு மின்னல், உடனே திரை இருட்டு, ஒற்றை 'பீப்'. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் விண்டோஸ் எக்ஸ்பி வந்து நிற்கும்.

"வைரஸ்தான்" என்றேன். மனைவியும் அதையே சொன்னாள். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்த்திராத எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தாரும் அதையே சொன்னார். குழந்தை வீறிட்டு அழுதால் திருஷ்டி, கம்ப்யூட்டர் படுத்தால் வைரஸ். ஐந்து வருஷம் உழைத்த பெட்டியில் வேறு ஏதாவது தேய்ந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

யார் கொண்டுவந்தது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் திருச்சியிலிருந்து அக்கா மகன் வந்து நான்கு நாள் தங்கியிருந்தான். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். கழுத்தில் எந்நேரமும் ஒரு பென் டிரைவ் தொங்கும். வந்ததும் வராததுமாக அதைச் செருகி இளையராஜா பாட்டு முந்நூறை ஏற்றிக் கொடுத்தான். அப்போது மகிழ்ச்சியாகத்தான் கேட்டேன். இப்போது போனைப் போட்டேன்.

"டேய், என்னத்தடா ஏத்தி விட்டுட்டுப் போன?"

"மாமா, ஸ்கேன் பண்ணித்தான் மாமா போட்டேன்."

"பண்ணின, கிழிச்ச."

அக்கா போனை வாங்கி, லீவுக்கு வந்த பிள்ளையை இப்படியா பேசுவது என்று கேட்டாள். நான் வேறு பேச்சுக்குத் தாவினேன்.

என் சந்தேகம் முழுக்கப் பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்ல முடியாது. 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு உலகம் முழுக்கப் பரவியபோது இதைத்தான் செய்தது. திரையில் ஒரு பெட்டி வரும், அறுபது நொடியைப் பின்னோக்கி எண்ணும், மெஷின் அணைந்து எழும். அந்தக் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தவருக்கு ரீஸ்டார்ட் என்றாலே வைரஸ்தான். அடுத்து பென் டிரைவ் காலம் வந்தது. 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரோடு மஞ்சள் ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். ஃபோல்டர்தானே என்று கிளிக் செய்தால் தொலைந்தோம், அது புரோகிராம். 2007-ல் சுற்றிய இன்னொன்று, அப்போதைய சமூக வலைத்தளமான ஆர்க்குட்டைத் திறந்தால் ஆர்க்குட்டுக்குத் தடை என்று அறிவித்துவிட்டு வில்லன் மாதிரி சிரித்தது. அதை எழுதியவன் எங்கள் காலத்து ஹாஸ்டல் வார்டனாக இருந்திருக்க வேண்டியவன்.

ஒரு ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடியது. நான்கு அகப்பட்டன. அழித்துவிட்டு வெற்றிக் காபி குடித்தேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கம்ப்யூட்டர் அணைந்தது.

"ஃபார்மட் அடிச்சிடுங்க சார்" என்றார் தெருமுனைக் கடைக்காரர். எந்த நோய்க்கும் மொட்டை அடிக்கச் சொல்லும் வைத்தியம். அதையும் செய்தேன். படங்களை சி.டி.யில் எரித்து வைத்துக்கொண்டு, டிஸ்க்கைத் துடைத்து, எக்ஸ்பியைப் புதிதாக ஏற்ற ஆரம்பித்தேன். இன்னும் 39 நிமிடம் என்று திரை சொல்லும், எக்ஸ்பி போட்டவர்களுக்கு மறக்காத எண் அது. 34-க்கு வந்தது. அணைந்தது. மறுபடி தொடங்கினேன். 37-லேயே போய்விட்டது.

வெட்கத்தை விட்டு, மனைவியை விட்டுத் திருச்சிக்குப் பேசச் சொன்னேன். அவன் லைனில் வந்தான். குரலில் கோபம் இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது.

"டிஸ்க்கைத் துடைச்சாச்சு. சி.டி.லேருந்து ஓடுது. இதுல வைரஸ் எங்க மாமா உக்காரும்?"

நான் பேசவில்லை.

"ஆன் பண்ணினதும் டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள்ள போங்க. அதுல டெம்பரேச்சர் காட்டும். ஒண்ணும் பண்ணாம சும்மா பாத்துட்டே இருங்க."

பார்த்தேன். 61 என்று ஆரம்பித்து 70, 74, 78 என ஏறியது. விண்டோஸ் இல்லை, பாட்டு இல்லை, பென் டிரைவ் இல்லை. வெறும் நீலத் திரையில் ஒரு எண் மட்டும். இருபதாவது நிமிடத்தில் அதுவும் போனது.

அப்புறம்தான் மூடியைத் திறந்தேன். வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெட்டி கதவு வைத்த மேஜை அறைக்குள் இருந்தது. அதற்கு மேல் மாமியார் லேஸ் வைத்துத் தைத்த துணி உறை வேறு. உறையை மேலே தூக்கிவிட்டுத்தான் ஆன் செய்வோம், பின்பக்கம் மூடியேதான் இருக்கும். உள்ளே பிராசஸர் மேல் இருந்த அலுமினியத் தகடுகளுக்கிடையில் தூசி, கம்பளித் துண்டு மாதிரி தடித்துப் படிந்திருந்தது. மூலையில் இரண்டு பல்லி முட்டை. நான் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் லேபுக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்வார் ஆசிரியர். கோவிலா இது, செருப்பு வழியாகவா வைரஸ் ஏறும் என்று சிரிப்போம். அந்த ஆசிரியருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது.

பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். ராமைக் கழற்றி அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தேன். அது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம், பல நேரம் பலிக்கவும் செய்யும். திறந்த பெட்டிக்கு நேராக டேபிள் ஃபேனை வைத்தேன். நாங்கள் வியர்வையில் உட்கார்ந்திருக்க, கம்ப்யூட்டருக்குக் காற்று. நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான்.

மறுநாள் அதை மடியில் வைத்து ஆட்டோவில், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடியில், சால்டரிங் புகை நாறும் ஒரு சின்ன அறை. இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர், பெட்டியை ஆன்கூடச் செய்யாமல், டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இங்க தடவிப் பாருங்க சார்."

பிராசஸரை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன உருளைகள், கபாசிட்டர்கள். ஃபேன் ரிப்பேர்காரர் கண்டன்சர் என்பாரே, அதன் சொந்தக்காரர்கள். தலையில் சிலுவைபோல் கீறல் இருக்கும். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் வெடிக்காமல் அங்கே பிளந்துகொள்வதற்கான ஏற்பாடு. விரலை வைத்தேன். முதல் இரண்டும் தட்டை. மூன்றாவது, பூரி எழும்பத் தொடங்குவதுபோல் மேடாக இருந்தது. அடுத்ததன் கீறல் பிளந்து, காய்ந்த புளிக்கரைசல் மாதிரிப் பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. எண்ணினால் ஏழு.

தெருக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் மாடித் தொட்டி நிறைந்திருந்தால் வீட்டுக்குழாயில் சீராக வரும் அல்லவா, மின்சாரத்துக்கு அந்தத் தொட்டிதான் இது. தொட்டி ஓட்டை. பிராசஸர் திடீரென்று கூடுதலாகக் கேட்கும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து, எல்லாம் மறந்து விழுந்துவிடும். கபாசிட்டருக்குள் இருக்கும் ரசம் சூட்டில் சீக்கிரம் கெடும், பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது இந்தத் தொழிலில் ஒரு கணக்கு. போதாக்குறைக்கு, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகச் சந்தைக்கு வந்த கபாசிட்டர்களில் ஏராளமானவை ரசமே சரியில்லாதவை. யாரோ திருடிய சூத்திரம் அரைகுறையாக இருந்ததுதான் காரணம் என்று ஒரு கதைகூட அப்போது உலவியது.

தம்பி ஏழையும் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை வைத்தார். மைக்ரோஃபாரட் அதே இருக்கணும், வோல்ட் கூடலாம், குறையக் கூடாது, கோடு போட்ட பக்கம் நெகட்டிவ் என்று சொல்லிக்கொண்டே செய்தார். கூலியோடு 350 ரூபாய். "துணியைக் கழட்டிடுங்க சார்" என்றார். உறை இருப்பதை நான் சொல்லவே இல்லை.

39 நிமிடமும் முழுசாக ஓடியது. ஆன்ட்டி வைரஸைப் போட்டுவிட்டு, படங்களைக் காப்பி செய்து வைக்க என் பென் டிரைவைச் செருகினேன். ஆபீசுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நான் சட்டைப்பையில் கொண்டுபோகும் பென் டிரைவ். உடனே சிவப்புப் பெட்டி கத்தியது. நியூ ஃபோல்டர்.

மனைவி சமையலறையில் இருந்தாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு மெல்ல அதை அழித்தேன்.

தீபாவளிக்கு அக்கா மகன் வந்தான். கழுத்தில் பென் டிரைவ் இல்லை. "பாட்டு ஏதும் கொண்டு வரலையாடா?" என்றேன். பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து நீட்டினான். அதன் மேல் மார்க்கர் பேனாவில், குண்டு குண்டாக எழுதியிருந்தது: இளையராஜா 1980–85. வைரஸ் இல்லை.