சாளரங்களின் இடப்பெயர்ச்சி

வைத்த பொருள் வைத்த இடத்து இராதாயின் செய்தொழில் செவ்வனே நடவாது. நூல்கள் பரப்பிய மேசைக்கு இஃது எத்துணை உண்மையோ, கணிப்பொறித் திரைக்கும் அத்துணை உண்மையே.

தமிழ் ஆனர்ஸ் பயிலும் யாம் இவ்வாண்டு ஏட்டுச் சுவடிப் படங்களை அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்து வருகின்றோம். திரையின் இடப்புறம் ஏட்டின் படம். வலப்புறம் யாம் எழுதும் சாளரம். கீழே அச்சுப் பிரதி. இவற்றுள் ஒன்று இடம்பெயரினும் கண் வரி தவறும். வரி தவறின் பேதமல்லாதது பேதமாகக் குறிக்கப்படும். எமது கணிப்பொறி பழையது, நினைவகம் குறைந்தது. ஆகலின் எளிய சாளர மேலாளர் ஒன்றையே அதன்கண் அமைத்துள்ளோம். அம்மேலாளரை மறுதொடக்கஞ் செய்யுந்தோறும் சாளரங்கள் சிறிது சிறிதாகக் கீழிறங்கலாயின.

இதன் காரணத்தை அறிய, மேலாளரின் இயல்பை முதற்கண் உணர்தல் வேண்டும். எக்ஸ் சாளர முறை 1984-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிற்று. அதன் பதினொன்றாம் பதிப்பு 1987-இல் வெளிவந்தது. அம்முறையில் சாளரங்களைத் திரையிற் காட்டுவது ஒரு நிரல். அவற்றிற்குச் சட்டமிட்டு நிரல்பட வைப்பது பிறிதொரு நிரல். மேற்பார்வையாளன் மாறினும் குடியிருப்போர் வெளியேறாமை போல, மேலாளர் நின்று மீண்டும் தொடங்கினும் சாளரங்கள் மூடப்படுவதில்லை. பழைய சட்டத்தினின்று விடுபட்டு வேர்ச்சாளரத்தை அடைந்து, பின்னர்ப் புதிய சட்டத்துட் புகுகின்றன. இவ்விடைப்பொழுதிலேதான் இடம் தவறுதல் நிகழ்கின்றது.

காரணங்கள் பல இருக்கலாம். சாளரங்கள் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியின், மேலாளர் அவற்றைப் புதியனவாகக் கருதித் தன் விதிப்படி இடமளித்தது எனலாம். திரையோரத்துப் பட்டையின்கீழ்ச் சில மறையின், அப்பட்டை தனக்குரிய இடத்தை ஒதுக்குமுன் அவை வைக்கப்பட்டன என்க. ஒரு செயலியின் சாளரம் மட்டும் பெயரின், அமைப்புக் கோப்பில் அச்செயலிக்கென எழுதிய விதியை நோக்குக. எல்லாம் ஒரே அளவிற் பெயரின், சட்டத்தின் கணக்கிலே தவறுளது.

ஊகித்தலினும் அளத்தல் நன்று. எக்ஸ்வின்இன்ஃபோ என்னுங் கருவியால் மறுதொடக்கத்திற்கு முன்னும் பின்னும் இடங்களைக் குறித்தோம். முன்னர் இடமிருந்து 101, மேலிருந்து 124. பின்னர் 102, 148. மறுமுறை 103, 172. வேற்றுமை எப்போதும் 1, 24. சட்டத்துள் சாளரம் அமைந்த சார்பிடமும் 1, 24 என்றே அக்கருவி காட்டிற்று. ஐயம் நீங்கியது. சட்டத்தை நீக்குங்கால் சாளரத்தைச் சட்டத்தின் மூலைக்குக் கொண்டுசெல்லாது, உள்ளடக்கம் நின்ற இடத்திலேயே மேலாளர் விட்டுவிடுகின்றது. புதிய சட்டம் அவ்விடத்தையே தன் மூலையாகக் கொள்கின்றது. ஆகவே ஒவ்வொரு முறையும் தலைப்புப்பட்டையின் உயரமளவு சாளரம் தாழ்கின்றது.

பரிகாரம் இரண்டு கண்டோம். அமைப்பை மட்டும் மாற்றியபோது மறுதொடக்கம் வேண்டுவதன்று. கோப்பினை மீண்டும் படிக்கச் செய்தலே போதும். ஓப்பன்பாக்ஸ் போன்ற மேலாளர்களில் இவ்விரண்டும் தனித்தனிக் கட்டளைகளாக உள. மறுதொடக்கம் இன்றியமையாததாயின், இடங்களை முன்னரே குறித்துவைத்துப் பின்னர் மீட்கும் சிறு நிரலை இயக்குகின்றோம். மீட்குங்கால் 1, 24 என்னும் சட்ட அளவைக் கழித்தே இடத்தைக் கூறல் வேண்டும். கழியாவிடின் பழைய குறையே மீண்டும் வரும்.

ஏடுகளை ஒப்பிடும் மாணாக்கர்க்கு இம்முறை புதியதன்று. சிதறிய வேற்றுமை பல காரணத்தது; எங்கும் ஒரே வகையாய் வரும் வேற்றுமை ஒரு காரணத்தது. எழுதினோன் கைப்பழக்கத்தை ஏட்டிற் காணுமாறு போல, நிரலின் பழக்கத்தையும் எண்களிற் காணலாம். இப்பொழுது மூன்று சாளரங்களும் தத்தம் இடத்தே நிற்கின்றன. எஞ்சிய ஏடுகளை வரி தவறாது ஒப்பிட்டு வருகின்றோம்.