பாலைவனத்துச் செவ்வகத்தி

ஆஸ்திரேலியாவின் தென்பாகத்தில், அடிலெய்டு நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் சென்றால் போர்ட் அகஸ்டா என்னும் ஊர் வருகிறது. ஸ்பென்ஸர் வளைகுடா முடிந்து செம்மண் வெளி தொடங்கும் இடம். பாலைநிலத் தாவரங்களுக்கென்றே அங்கே 1996-ஆம் ஆண்டில் ஒரு தோட்டம் திறந்திருக்கிறார்கள். ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலை, நம் இல்லாளுடன் அதனுள் நுழைந்தோம்.

செம்மணலில் கொடிபோல் படர்ந்து கிடந்தது அந்தச் செடி. மெல்லிய மயிர் போர்த்த சாம்பல் நிற இலைகள். நடுநடுவே, இரத்தத்தில் தோய்த்தெடுத்தாற் போன்ற புஷ்பங்கள்! ஒவ்வொன்றும் ஒன்பது செண்டிமீட்டர் நீளமிருக்கும். பூவின் மத்தியில் பளபளவென்று ஒரு கறுப்புக் குமிழ். யாரோ கண்ணை அகல விழித்துப் பார்ப்பது போலிருந்தது.

"இது நம் செவ்வகத்தி அல்லவா?" என்றாள் இல்லாள்.

அவள் சொன்னதில் தவறில்லை. அகத்தி, உளுந்து, துவரை, இது எல்லாம் ஒரே குடும்பம். மேலே நிமிர்ந்த கொடியிதழ் ஒன்று, பக்கத்தில் சிறகிதழ் இரண்டு, அடியில் படகுபோல் கூடிய இதழ் இரண்டு: ஆண்டுதோறும் நாம் கரும்பலகையில் வரையும் அதே அமைப்பு.

ஆங்கிலேயர் இதற்கு 'ஸ்டர்ட்டின் பாலைப் பட்டாணி' என்று பெயரிட்டார்கள். கண்டத்தின் நடுவே ஒரு கடல் இருக்குமென்று நம்பி, சார்லஸ் ஸ்டர்ட் என்பவர் 1844-ல் படகையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கடல் அகப்படவில்லை. கல்லும் மணலும் அகப்பட்டன. வழியில் இந்தப் பூவும் கண்ணில் பட்டது. அவருக்கு வெகுகாலம் முன்பே, 1699-ல், வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி வடமேற்குக் கரையோரத் தீவொன்றில் இதைப் பறித்து உலர்த்திக் கொண்டுபோய்விட்டார். அந்தச் சருகு இன்றும் ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. சாஸ்திரப் பெயரோ 'ஸ்வைன்ஸோனா ஃபார்மோஸா'. ஸ்வைன்ஸன் என்பவர் லண்டனில் மருந்து விற்றுப் பொருள் சேர்த்துத் தோட்டம் வைத்தவர். அவருக்கும் இந்தப் பாலைக்கும் என்ன உறவோ! பல்லாயிரம் ஆண்டுகளாக இம்மண்ணில் வாழும் மக்கள் தத்தம் மொழியில் இதை அழைத்த பெயர்கள் மட்டும் உலகத்தார் நாவில் ஏறவில்லை. இது நமக்குப் பெருங்குறையாகவே பட்டது.

இவ்வளவும் இல்லாளிடம் ஆவேசமாகச் சொல்லிவிட்டு, மாணவர்களுக்குக் காட்டலாமே என்று ஒரு பூவைப் பறிக்கக் கை நீட்டினோம்.

"நீங்களும் டாம்பியர்தானா?" என்றாள் அவள்.

கையை இழுத்துக்கொண்டோம். 1961-ல் தென் ஆஸ்திரேலியா தன் மாநில மலராக ஏற்ற பூ இது. அரசாங்க நிலத்தில் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். செடியைப் பெயர்த்து வேறிடத்தில் நடலாமென்றாலோ, வேர் அசைந்தால் வாடிவிடும் சுபாவம் இதற்கு. விதையின் தோல் அத்தனை கடினம். மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, நல்ல மழை கண்ட பிறகே முளைக்கும்.

பிறகு மணலோரம் உட்கார்ந்து பென்சிலால் படம் வரைந்தோம். கறுப்புக் குமிழ் நன்றாகவே வந்தது. சிவப்புக்குத்தான் வழியில்லை. ஊர் திரும்பியதும், கொல்லை அகத்தியில் ஒரு பூவைப் பறித்துப் படத்தின் பக்கத்தில் வைத்துத்தான் மாணவர்களுக்கு அதை விளக்கினோம்.