தறியில் கிடைத்த எழுத்து



'ப்ராஜெக்ட்' என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கடைசி செமஸ்டர், கைடு கையெழுத்து, ஸ்பைரல் பைண்டிங்... சிலருக்கு மதுரையில் ரெடிமேடாய் வாங்கி வந்த மாடல்! ஆனால் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் செய்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. அதற்குள் பல பிள்ளைகளுக்கு எழுத்தே மறந்துபோனது. அதைச் சரிக்கட்ட வந்ததுதான் 'இல்லம் தேடிக் கல்வி'. ராஜபாளையம் பக்கம் எங்கள் ஊரில் என் அக்கா அதில் தன்னார்வலர். சாயங்காலம் உதவிக்கு நானும் போய் உட்காருவேன்.

அங்கே ஒரு பையன் வாயே திறக்க மாட்டான். தன் பெயரைத் தவிர ஒன்றும் எழுத வராது. "இவனுக்குப் படிப்பு ஏறாது தாயி. தறிக்கு அனுப்பிட வேண்டியதுதான்" என்று அவன் பாட்டி அக்காவிடமே சொல்லிவிட்டார்.

அக்கா புத்தகத்தை மூடி வைத்தாள். "நம்ம ஊருல பேண்டேஜ் துணி எப்படி நெய்யுறாங்க? கேட்டுட்டு வாங்க, நாமளே ஒரு புத்தகம் போடுவோம்" என்றாள். பிள்ளைகள் போனார்கள், கேட்டார்கள், அளந்தார்கள், படம் வரைந்தார்கள். இதில் அந்தப் பையன்தான் வாத்தியார்! பாவு எது, ஊடை எது, நாடா எப்படி ஓடும் என்று அவன் சொல்லச் சொல்ல, அவன் வார்த்தையிலேயே அக்கா அட்டையில் எழுதினாள். சொன்னது அவனே என்பதால் வாசிப்பதும் சுலபமாயிற்று. 'தறி'யிலிருந்து கறி, பறி, பொறி வந்தன. 'நாடா'விலிருந்து நாய் வந்தது. ராஜபாளையத்தில் நாய் இல்லாமல் பாடமா?

பிறகு லீவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டுத் தெருப் பிள்ளைகளிடம் நானும் முயன்றேன். அங்கே பால்கோவா! 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்காயிற்றே. டப்பாவில் 'நிகர எடை', 'தயாரித்த நாள்' வாசித்து, கால் கிலோ விலையிலிருந்து ஒரு கிலோவுக்குக் கணக்குப் போட்டு, ஆளுக்கொரு விளம்பரம் எழுதினார்கள். டப்பா காலியானது தனிக் கதை!

இது ஒன்றும் புதுசு இல்லை. அமெரிக்காவில் கில்பாட்ரிக் 1918-லேயே செயல்திட்ட முறை பற்றி எழுதினார். காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் கைத்தொழில் வழிக் கல்வி என்றார். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்பு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளில்தான் நம்மில் பலரும் அ, ஆ படித்தோம். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துச் சொல்லித் தரச் சொன்னது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ப்ராஜெக்ட் செய்துவிட்டால் மட்டும் படிப்பு வந்துவிடாது. எழுத்தைக் காட்டி, சொல்லைப் பிரித்து, தினமும் வாசிக்க வைக்க ஒரு ஆள் வேண்டும். 'எதுக்குப் படிக்கணும்?' என்ற கேள்விக்குப் பதில் தருவதுதான் ப்ராஜெக்ட்.

அந்தப் பையன் ஆறு வரி எழுதி, பாட்டி முன்னால் தானே வாசித்தான். பாடப் புத்தகத்தில் அப்போதும் தடுக்கினான்தான். ஆனால் பாட்டி தறிப் பேச்சை விட்டுவிட்டார்.

நண்பர்களே! லேத்தும் மோட்டாரும் தெரிந்த நமக்கு, நம் தெருப் பிள்ளைகளுக்குக் காட்ட எவ்வளவோ இருக்கிறது. வாரம் ஒரு சாயங்காலம் போதும். கைடு கையெழுத்து வேண்டாம், மார்க்கும் கிடையாது. செய்து பாருங்களேன்!

மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்