புளித்தது, அமைதியாக இருந்தது

கியோட்டோ
ஜனவரி

அன்புத் தோழிக்கு,

ஜூலைத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் ஜப்பானியப் பெயரடைகளில் 'இ' வகை எது, 'நா' வகை எது என்று குழம்புகிறது என எழுதியிருந்தாய். கோயில்களைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், இதை முதலில் முடித்துவிடுவோம்.

உன் பாடப்புத்தகம் ஆங்கிலம் வழியாகச் சொல்லித்தருகிறது. தொல்லையே அங்கேதான். ஆங்கிலத்தில் பெயரடைக்குக் காலம் கிடையாது. அதனால் 'இ' வகைச் சொல் இறந்தகாலம் காட்டுவதை ஏதோ அதிசயம் போல விளக்குகிறார்கள். நமக்கு இதில் என்ன அதிசயம்? இனிக்கிறது, இனித்தது, இனிக்கவில்லை என்று தினமும் சொல்கிறோம். குணத்தைச் சொல்லும் சொல்லே காலத்தையும் மறுப்பையும் சுமக்கிறது. 'இ' வகையை அப்படி நினைத்துக்கொள்.

இங்கே நிஷிகி கடைத்தெருவில் ஊறுகாய்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன. குளிர்காலத்தில் 'சுகுகி' வரும். ஊருக்கு வடக்கே காமிகாமோ பக்கம் விளையும் ஒருவகை டர்னிப்பைத் தழையோடு உப்பிட்டு, நீளக் கழியின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு அந்தப் பாரத்தில் அழுத்தி, புளிக்க வைக்கிறார்கள். வினிகர் சேர்ப்பதில்லை, நம் இட்லி மாவு போலத் தானாக ஏறும் புளிப்பு. வாயில் போட்டதும் 'சுப்பாய்'. விழுங்கிய பிறகு 'சுப்பகத்தா', புளித்தது. புளிப்பே இல்லையென்றால் 'சுப்பகுனாய்'. கடைசி 'இ' உதிர்ந்த இடத்தில் 'கத்தா' வந்தால் இறந்தகாலம், 'குனாய்' வந்தால் எதிர்மறை. இனிப்புக்கு அமாய், கசப்புக்கு நிகாய், காரத்துக்குக் காராய் எல்லாம் இதே வகுப்புதான். (காரமும் காராயும் சொந்தமா என்று கேட்காதே. ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று வாதாடினார். மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தேர்வுக்கும் அது வராது.)

'நா' வகை நமக்கு இன்னும் சுலபம். 'ஷிஸுகா' என்றால் அமைதி. அதோடு 'நா' சேர்ந்தால் அமைதியான. 'ஷிஸுகா தத்தா' என்றால் அமைதியாக இருந்தது. ஷிஸுகா அசையாமல் நிற்கும், காலத்தைத் தூக்குவது பின்னால் வரும் 'தத்தா'. அந்த 'நா'வே பழைய 'நி அரு' தேய்ந்து வந்ததுதான். 'நி' நம் 'ஆக', 'அரு' நம் 'இரு'. வெளியிலிருந்து வரும் சொற்களுக்கும் இந்த வாசல்தான். சீனத்திலிருந்து வந்த பென்ரி (வசதி), யூமெய் (புகழ்), ஆங்கிலத்திலிருந்து வந்த ஹன்சமு (ஹேண்ட்சம்) எல்லாம் 'நா' போட்டுத்தான் பெயரோடு சேரும். 'இ' வகுப்புக்குள் எமோஷனலைச் சுருக்கிய 'எமோய்' போன்ற இளவட்டச் சொற்கள் மட்டும் எப்போதாவது நுழைந்துவிடும்.

இனி உன் சிக்கலுக்கு வருகிறேன். யூமெய், கிரெய் (அழகு, சுத்தம்), கிராய் (பிடிக்காதது) எல்லாம் 'இ'யில் முடிந்தும் 'நா' வகை. 'இ' கன்ஜி (சீன வழி வந்த எழுத்து) எழுத்துக்கு வெளியே தனியாக நின்றால் 'இ' வகை என்றொரு குறுக்குவழி சொல்வார்கள். யூமெய்க்கு அது சரி. கிராயில் 'இ' வெளியே நின்றும் 'நா' வகை. கிரெயையோ பெரும்பாலும் கன்ஜி இல்லாமலே எழுதுகிறார்கள். ஆகவே சொல்லின் முடிவைப் பார்க்காதே, அதன் பின்னால் என்ன ஒட்டுகிறது என்று பார்.

ரயில் நிலையக் கழிப்பறைகளில் ஒரே வாசகம்தான் ஒட்டியிருக்கும்: எப்போதும் சுத்தமாகப் பயன்படுத்துவதற்கு நன்றி. அதில் சுத்தமாக என்பது 'கிரெய் நி'. பெயரடையோடு 'நி' ஒட்டினால் 'நா' வகை, சந்தேகமே வேண்டாம். 'இ' வகையாக இருந்தால் 'கு' வந்திருக்கும்: ஹயாய் (சீக்கிரம் என்பதன் பெயரடை), ஹயாகு. அதே வாசகத்தின் கடைசியில் வரும் அரிகத்தோவும் ஒரு 'இ' வகைச் சொல்தான். அரிகத்தாய் (கிடைத்தற்கரிய), அதிலிருந்து அரிகத்தகு, 'க்' தேய்ந்து அரிகத்தோ. காலை வணக்கமான ஒஹயோவும் அப்படியே ஹயாகுவிலிருந்து வந்தது. ஜப்பானில் கால் வைத்த எவரும் முதலில் கற்கும் இரண்டு சொற்கள் இவை. இவற்றிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கன்சாய் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் இந்த ஓகாரம் மற்றச் சொற்களிலும் கேட்கும், தகாகு (உயரமாக) 'தகோ' ஆகிவிடும். தேர்வுத்தாளில் அதை எழுதிவைக்காதே.

இரண்டு வகுப்பிலும் பெயர் கொடுத்தவையும் உண்டு. தெருமுனைப் பானத் தானியங்கியில் சூடான டப்பாக்களுக்குக் கீழே சிவப்புப் பட்டையில் 'அத்தத்தகாய்' என்று, நடுவே ஒரு நெளிகோடு போட்டு இழுத்து எழுதியிருக்கும். இதே சொல் 'அத்தத்தகா நா' என்றும் வரும். நிறங்களில் சிவப்பு (அகாய்) 'இ' வகை. பச்சை (மிதோரி) இரண்டிலும் சேராது, பெயர்ச்சொல்லாகவே நின்று 'நோ' கேட்கும்.

நோட்டில் சொற்களைத் தனியாக எழுதாதே. பின்னால் ஒரு பெயரையும் சேர்த்து எழுது. 'கிரெய் நா ஹனா' (அழகான பூ) என்று பத்துமுறை வாய்விட்டுச் சொன்னவளுக்கு 'கிரெய் ஹனா' வாயில் வராது.

அன்புடன்,
உன் தோழி