வில்லுக்கத்தி

எங்கள் ஊரில் அதற்கு வில்லுக்கத்தி என்று பெயர். மடக்குக்கத்தி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவ நாங்கள் வைத்திருந்தது பேனாக்கத்தி. வில்லுக்கத்தி வேறு சாதி. அலகை விரிக்கும்போது பிடியின் முதுகில் கிடக்கிற வில்லு 'டக்' என்று அதைப் பிடித்து நிறுத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டே ஐயா வளவின் எந்த மூலையில் நிற்கிறார் என்று அம்மா சொல்லிவிடுவா.

நீர்வேலியில் எங்களுக்கு வாழைத்தோட்டம். ஐயாவின் கத்தி ஊர்க் கொல்லர் லொறி வில்லுத் தகட்டில் அடித்துக் கொடுத்தது. எருமைக் கொம்புப் பிடி. அலகு ஒருநாளும் பளபளத்தது கிடையாது. வாழைக்கயர் ஏறிக் கறுத்துப் போயிருக்கும், வாய் மட்டும் வெள்ளி நூல் மாதிரித் தெரியும். வாழைச் சருகு அரிய, வேலி கட்டுகிற நாரை நறுக்க, கதியாலின் நுனியைச் சீவ, சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்ட, மாங்காய்க் கீலம் போட்டுத் தர எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். உடுப்புத் தோய்க்கிற கல்லிலே தண்ணீர் தெளித்து ஐந்தாறு தரம் இழுத்தால் தீட்டும் முடிந்தது.

இதையெல்லாம் உட்கார்ந்து நினைக்க வேண்டி வந்தது போன வசந்தகாலத்தில், ரெக்சாஸ் மாநிலத்து ஆலன் நகரில், என் மகனின் சுட்டுவிரலில் மூன்று தையல் போட்ட அன்று.

ஆலன், டலஸுக்கு வடக்கே கொலின் கவுண்டியில் இருக்கிற ஊர். ரொறன்ரோவிலிருந்து வேலை மாறி இங்கே வந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது மண்தான். எங்கள் செம்மண்ணுக்கு நேர் எதிர். கறுத்த களி. மழைக்குச் சப்பாத்தை விடாது, கோடைக்குக் கைவிரல் போகிற அளவுக்கு வெடிக்கும். எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் ஓர் ஓடை. அந்த ஓடைக்கரையில் முள்ளுமரம் ஒன்று நின்றது. போடார்க் என்பார்கள். ஓசேஜ் ஆதிக்குடிகள் அந்த மரத்திலேதான் வில் செய்தார்களாம். பிரெஞ்சுக்காரர் அதைப் பார்த்து 'வில்லு மரம்' என்று தங்கள் மொழியில் சொன்னது உள்ளூர் வாயில் தேய்ந்து போடார்க் ஆகிவிட்டது. 1874 இல் முள்ளுக்கம்பிக்குக் காப்புரிமை எடுத்து அது பரவுவதற்கு முன்னர் இந்த மரத்தை நெருக்கமாக நட்டுத்தான் தோட்டக்காரர் வேலி வளர்த்தார்கள். கதியால் வேலிதான், வேறென்ன. வெட்டினால் உள்ளே மஞ்சள் வைரம். இரும்பு மாதிரி.

சித்திரை மாதப் புயலொன்றில் அந்த மரத்தின் கொப்பு முறிந்து எங்கள் வளவுக்குள் விழுந்தது. மகனுக்குப் பதின்மூன்று வயது. சாரணர் குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்தான், கூடாரம் அடிக்கப் போக ஊன்றுதடி வேண்டுமென்றான். "கத்தி வேணும் அப்பா" என்றான். அந்த வார்த்தையில் நான் தேவைக்கு மேலாக மகிழ்ந்துபோனேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெற்றோல் நிலையத்தில், காசு கொடுக்கிற மேசையில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மடக்குக்கத்திகள் கிடந்தன. ஒன்பது டொலர். அதில் ஒன்றுக்குக் கொம்புப் பிடி. கிட்டப் பார்த்தால் பிளாஸ்ரிக், தூரப் பார்த்தால் எருமைக் கொம்பு. ஐயாவின் கத்தியின் அதே வளைவு, அதே கபிலம். நான் அலகைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்க்கவில்லை. பிடியை மட்டும் பார்த்து வாங்கினேன்.

ஏன் என்று கேட்டால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுதும் தெருவில் இறங்கியதை இந்தப் பக்கங்களில் பலர் எழுதிவிட்டார்கள். நான் கத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மரத்தடியில் சேலையும் உரப்பையும் சேர்த்து மறைப்புக் கட்டியபோது அந்த மரத்தடிக்கே ஐயாவிடம்தான் நல்ல கத்தி இருந்தது. கயிறு அறுக்கக் கேட்டு வருவார்கள், தடி சீவக் கேட்டு வருவார்கள். ஐயா அரிசியைக் கடன் கொடுத்தார், சைக்கிளைக் கொடுத்தார். கத்தியைக் கொடுக்கவில்லை. "வாங்கோ, நான் வந்து வெட்டித் தாறன்" என்று தானே எழுந்து போவார். வில்லு கொஞ்சம் தளர்ந்துவிட்டது, அதன் குணம் தனக்குத்தான் தெரியும், மற்றவன் கையை வெட்டிக்கொள்வான் என்பது அவர் நியாயம். அன்றைக்கு அதை நான் கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.

1996 இல் திரும்பி வலிகாமத்துக்கு நடந்தபோது முன்னால் சோதனை நடக்கிறதென்று கதை வந்தது. ஆம்பிளைகளின் மடியைத் தட்டிப் பார்க்கிறான் என்றார்கள். ஐயா வரிசையிலிருந்து விலகி, ஒதுங்கப் போகிறவர் மாதிரி உப்பேரிக் கரைக்கு இறங்கினார். மடியிலிருந்து எடுத்தார். ஒருதரம் விரித்தார். 'டக்.' மடக்கிச் சேற்றில் வைத்துக் குதிக்காலால் அழுத்தினார். அது தாழ்ந்துபோகும்வரை நின்றார். ஏறி வந்து என்னைப் பார்த்துச் சொன்னது ஒரே வார்த்தை: "நடவடா."

அதன்பிறகு அவர் மடக்குக்கத்தி வைத்திருந்ததில்லை. 2003 இல், சமாதான காலத்தில், ஏ9 பாதை திறந்திருந்தபோது ரொறன்ரோவிலிருந்து போனேன். அவருக்கென்று சிவப்புப் பிடிச் சுவிஸ் கத்தி ஒன்று வாங்கிப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பெட்டியைக் கிளறிய பொடியன் அதன் ஒவ்வோர் உறுப்பையும் இழுத்துப் பார்த்தான். பல்லுக்குத்தும் குச்சி வந்தபோது சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். ஐயாவும் அப்படித்தான், எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தார். பெருவிரலால் வாயைத் தடவினார். அலகை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். "நல்ல சாமான். வேலிக்குக் காணாது." அவ்வளவுதான். 2011 இல் அவர் இறந்த பிறகு அம்மா அதைத் தகரப்பேணி திறக்க வைத்திருந்தா.

இவ்வளவும் என் தலைக்குள் கிடந்ததால்தான் பிளாஸ்ரிக் கொம்பு என்னை ஏமாற்றியது.

நடந்தது இதுதான். மகன் கொப்பிலிருந்த கணு ஒன்றைக் குத்திச் சீவப் பார்த்திருக்கிறான். போடார்க் கணு விட்டுக்கொடுக்கவில்லை. அலகு அதில் சிக்க, முன்பக்கம் அழுத்த, பூட்டு விட்டுப்போய் அலகு அவன் விரலில் மடிந்தது. அழவில்லை. விரலைச் சட்டையால் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, "அப்பா, கத்தி தானா மூடிட்டுது" என்றான். தையலுக்கு வந்த பில்லில் நல்ல கத்திகள் பத்துப் பதினைந்து வாங்கியிருக்கலாம். மனைவி வைத்தியரிடத்தில் ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் காருக்குள் கேட்டா: "இஞ்சாருங்கோ, தோட்டக்காரன்ரை மகன்தானே நீங்கள்?"

அன்றிரவு அந்தக் கத்தியைக் குசினி மேசையில் வைத்து விளக்கின் கீழ் பார்த்தேன். இப்போது கடைகளில் நிறையக் கிடைப்பது இந்த வகைதான். பிடியின் உட்பக்கம் ஒரு மெல்லிய தகடு. அலகு விரிந்ததும் தகடு பக்கவாட்டில் துள்ளி அலகின் அடிக்குக் குறுக்கே நிற்கும், அதுதான் பூட்டு. வகையில் பிழையில்லை. தகடு தடிப்பாக இருந்து, அலகின் அடியை நிறையப் பிடித்தால் நன்றாக நிற்கும். இதில் தகடு சாப்பாட்டுப் பேணித் தகரம் மாதிரி. அலகின் அடியில் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. அச்சாணித் திருகும் தளர்ந்து, அலகு இரண்டு பக்கமும் ஆடியது. ஐயா சுவிஸ் கத்தியை இரண்டு விரலால் ஏன் ஆட்டிப் பார்த்தார் என்று இருபது வருஷத்துக்குப் பிறகு விளங்கியது.

விரல் ஆறியதும் அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். இந்த ஊரில் கத்திப் பெட்டி துவக்குப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சுவர் நிறையத் துவக்கு. 2023 மே 6 ஆம் திகதி எங்கள் ஊர்க் கடைத்தொகுதி ஒன்றில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அந்தத் தெருவால் போகும்போது இன்னமும் வீட்டில் பேச்சு நின்றுவிடும். துவக்குகளுக்கு முன்னால் நின்றுகொண்டு கத்தியின் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறேன் நான். கடைக்காரருக்குச் சிரிப்பு. ரெக்சாஸில் 2017 செப்ரெம்பரிலிருந்து அலகு ஐந்தரை அங்குலத்தைத் தாண்டினால்தான் சில இடங்களுக்குத் தடை, அதற்குள் இருந்தால் சட்டம் கண்டுகொள்ளாது. ஆனால் பள்ளிக்கூட விதி வேறு. எவ்வளவு சின்னக் கத்தியும் புத்தகப்பைக்குள் போனால் பிள்ளைக்குத் தொல்லை. மனைவிக்கு அதுதான் பயம். எனக்கு வேறு பயம், மடியைத் தட்டிப் பார்க்கிற பயம். அது சட்டம் சொல்லிப் போகிறதில்லை.

முதலில் பார்த்தது பக் 110. 1964 இல் வந்து, இந்நாட்டு வேட்டைக்காரரின் இடுப்பில் நிலைத்துவிட்ட கத்தி. முதுகுப் பூட்டு: பிடியின் முதுகில் கிடக்கும் கட்டை அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து பிடித்துக்கொள்ளும். பித்தளைக் காப்பு, மரப்பிடி. கையில் எடுத்ததும் ஐயா ஞாபகம் வந்துவிட்டது. விலையைப் பார்த்தேன், பாரத்தைப் பார்த்தேன். இருநூறு கிராம் வரும். பதின்மூன்று வயதுக்காரன் அதை ஓடைக்குள் தொலைத்தால் நான் அவனோடு பேசாமல் இருப்பேன். தொலைத்தால் கோபம் வருகிற கத்தி முரட்டு வேலைக்கு ஆகாது.

கடைசியில் எடுத்தது ஒப்பினெல். பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890 இல் யோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய உழவர் கத்தி. பீச் மரப்பிடி, எட்டாம் இலக்கத்துக்கு எட்டரைச் சென்ரிமீற்றர் அலகு, இருபது டொலர் மட்டில். பூட்டு என்பது ஒரு வளையம். அலகை விரித்துவிட்டு வளையத்தை விரலால் திருகினால் அலகு திரும்பிவரும் வழி அடைபடும். 1955 இல் சேர்த்தார்கள். அதற்குள் துள்ளுகிற தகடும் இல்லை, தேய்கிற வில்லும் இல்லை. பூட்டியிருக்கிறதா இல்லையா என்று குழந்தைக்கும் தெரியும். அலகில் இரண்டு வகை. கறுக்கிற இரும்பும் உண்டு, துருவேறாத உருக்கும் உண்டு. கறுக்கிறது கல்லில் சுலபமாகத் தீட்டுப்படும், ஆனால் ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாள் துரு. மகனுக்குத் துருவேறாதது. எனக்குக் கறுக்கிறது. இரண்டு வாங்கியதற்கு வீட்டில் நான் சொன்ன காரணங்களை இங்கே எழுதத் தேவையில்லை.

குறையும் சொல்லவேண்டும். மழையில் நனைந்தால் மரம் ஊதி அலகு வெளியே வராது. அதற்கு அந்த மலைநாட்டார் கண்ட வைத்தியம், பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டு, அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பிடித்து இழுக்கலாம். வாங்கியவுடன் எண்ணெயில் ஊறவிட்டால் ஊதுவது குறையும். அலகு மெல்லிசு, நெம்பக் கூடாது, முதுகில் தடியால் அடித்து விறகு பிளக்கக் கூடாது. ஆனால் அந்த வேலைக்கு எந்த மடக்குக்கத்தியும் சரிவராது. நடுவில் முறித்து ஆணியில் தொங்கவிட்ட சாமானிடம் கோடாலியின் வேலையைக் கேட்பது அநியாயம். ஐயாவும் கதியாலின் நுனியைத்தான் சீவினார், தறித்தது கொடுவாக்கத்தியால்.

சாரணர் குழுவில் கத்தி பிடிக்கப் படிப்பித்து ஓர் அட்டை கொடுக்கிறார்கள். கத்தியை விரிக்குமுன் கையை நீட்டிச் சுற்றிவரப் பார்க்கவேண்டும், அந்த எட்டுக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. பிழைவிட்டால் அட்டையின் ஒரு மூலையை வெட்டுவார்கள், நாலு மூலையும் போனால் கத்தி போச்சு. மகன் இதை எனக்கு விளக்கியபோது, தென்மராட்சி மரத்தடியில் "தள்ளி நில்லுங்கோ" என்று ஐயா சனத்தை விலக்கியது ஞாபகம் வந்தது. அவன் வெட்டுப்பட்ட அன்று அந்த அட்டை அவனிடம் இருக்கவில்லை. என்னிடமும்தான்.

சென்ற மாதம் ரெக்சோமா ஏரிக்கரையில் இரண்டு நாள் கூடாரம் அடித்துவிட்டு ஞாயிறு மத்தியானம் வந்தான். தடியின் கணு இன்னும் அப்படியே இருந்தது, அதைச் சுற்றிச் சீவியிருந்தான். கத்தியைக் கேட்டு வாங்கினேன். மழை பெய்திருக்கிறது, பிடி ஊதிப்போயிருந்தது. நான் நகத்தால் இழுத்துப் பார்க்க, அவன் என் கையிலிருந்து அதை எடுத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டி விரித்து, வளையத்தைத் திருகி, பிடியை என் பக்கமாக நீட்டினான். அலகைத் துடைத்துத்தான் வைத்திருந்தான். இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.