ஐம்பது கிலோமீட்டரில் இரண்டு காலம்

அம்மா காஷ்மீரை முதன்முதலில் பார்த்தது கறுப்பு வெள்ளையில். 1961-இல் வந்த ஸ்ரீதரின் ‘தேன் நிலவு’. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தபோது அவளுக்குப் பதினோரு வயது. கதை மறந்துவிட்டது, ஏரியும் படகும் மட்டும் கண்ணில் நிற்கிறது என்பாள். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, தோசை மாவைக் கரைத்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “ஏட்டி, அந்தத் தண்ணியில ஒரு தடவ படகுல போயிட்டு வந்துரணும்.” வாய்விட்டு எதையும் கேட்டுப் பழகாதவள். அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் ‘ஸ்ரீநகர், குல்மார்க், வசந்தம்’ என்று எழுதினேன்.

அந்த மூன்றாவது வார்த்தைதான் பாடாய்ப் படுத்துகிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கூட வேலை பார்த்தவர்களோடு ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். ஊரிலிருந்த ஒரு டிராவல்ஸில் துலிப் தோட்டத்துப் படத்தைக் காட்டிப் பணம் வாங்கினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் கடைசி. ஜபர்வான் மலையடிவாரத்தில் 30 ஹெக்டேர் அளவில் விரிந்த, ஆசியாவிலேயே பெரிய துலிப் தோட்டம். அதில் அன்றைக்குப் பச்சைத் தண்டுகள்தான் நின்றன. பாத்தி நெடுக இதழ்கள் உதிர்ந்து, ஓரம் பழுத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மெழுகு மாதிரி வழவழவென்று, உள்ளடியில் மட்டும் மஞ்சள் மிச்சமிருந்தது. பத்து நாள் முந்தி வந்திருந்தால் என்று ஒவ்வொருத்தரும் ஒருமுறை சொல்லிக்கொண்டோம்.

2007-இல் அமைத்த தோட்டம் அது. நெதர்லாந்திலிருந்து வந்த கிழங்குகளை இலையுதிர் காலத்திலேயே மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். முன்னால் பூப்பவை, நடுவில் பூப்பவை, கடைசியில் பூப்பவை என்று வகை கலந்து நடுவதால்தான் தோட்டம் ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடிக்கிறது. தனிப் பூவுக்கு ஆயுள் மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். மார்ச்சில் வெயில் சற்றுக் கூடினால் எல்லாம் முந்திக்கொண்டு பூக்கும், முந்திக்கொண்டே கொட்டும். அதனால் தோட்டம் திறக்கும் தேதியைப் பருவம் பார்த்துத்தான் அறிவிக்கிறார்கள். விமான டிக்கெட்டோ மாதக்கணக்கில் முன்னால் எடுத்தால்தான் நம்மால் கட்டுப்படியாகும்.

சரி, ஏரிக்கரைக்கு ஏப்ரல் முதல் பத்து நாள் என்று முடிவு செய்தேன். உடனே மலை குறுக்கே வந்தது.

ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,585 மீட்டரில் இருக்கிறது. குல்மார்க் 2,650 மீட்டரில். இடையே சாலை வழி ஐம்பது கிலோமீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு ஆறரை டிகிரி குறையும். ஏரிக்கரையில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் அதே மத்தியானத்தில், மேலே பைன் மரத்தடியில் பனி கிடக்கும். வசந்தம் அந்த மலையில் படிப்படியாகத்தான் ஏறுகிறது. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்குச் சில்லை கலான் என்று பெயர். அதற்குப் பிறகு இருபது நாள், பத்து நாள் என்று குளிர் தணிந்து, மார்ச்சில் ஹரி பர்பத் அடிவாரத்து பாதாம்வாரியில் பாதாம் மரங்கள் முதலில் பூக்கும். பின்னால் துலிப். சினார் துளிர்ப்பது அதன் பிறகு. குல்மார்க் என்றால் மலர்வெளி என்று அர்த்தம். கௌரிமார்க் என்றிருந்ததை யூசுப் ஷா சக் அப்படி மாற்றினார் என்கிறார்கள். அந்த மலர்வெளியில் மலரைப் பார்க்க ஜூன் ஆகவேண்டும். ஏப்ரலில் போகிறவர்களுக்குக் கிடைப்பது பாதி பனி, பாதி போன வருஷத்துக் காய்ந்த புல்.

இதை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்சம் தயங்கித்தான் சொன்னேன். அவள், “பூவைக் கீழ பாத்துக்கிடலாம், மேல பனியப் பாப்போம். ரெண்டும் ஒரே வாரத்துல கிடைக்கின்னா நல்லதுதானட்டி” என்றாள். மூன்று வாரம் நான் அட்டவணை போட்டும் தீராதது அந்த ஒரு பேச்சில் தீர்ந்தது.

மழை இன்னொரு கவலை. ஏப்ரல் என்றாலே நமக்குக் கோடை. அங்கே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள் அப்போதுதான் மழை கொண்டுவரும். ஸ்ரீநகரில் அதிக மழை பெய்யும் மாதமே மார்ச்தான். ஏப்ரலிலும் விடாது. மழை பிடித்தால் ஜம்மு நெடுஞ்சாலையில் மண் சரியும், குல்மார்க்கில் பனி கொட்டும், தங்மார்க்கில் வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாமல் மேலே விடமாட்டார்கள். ஐந்து நாள் பேக்கேஜ் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் நாள் குல்மார்க், மூன்றாம் நாள் பஹல்காம், நான்காம் நாள் சோனமார்க் என்று தினமும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம். எழுபத்தைந்து வயது முழங்கால் அதைத் தாங்காது. அதனால் எங்களுக்கு ஏரிக்கரையில் ஐந்து ராத்திரி, அதில் இரண்டு பகல் வெறுமனே. உடம்பு அந்த உயரத்துக்குப் பழகியபின் குல்மார்க்கில் இரண்டு ராத்திரி. பகல் வண்டிகள் வந்து சேருமுன் விடியற்காலையில் அந்த வெளி யாருமில்லாமல் கிடக்கும் என்று போன முறை தெரிந்துகொண்டேன். அம்மா பனியை அப்படித்தான் பார்க்கவேண்டும். கோண்டோலா என்கிற ரோப் காரில் முதல் கட்டமான கோங்டூரியோடு நிறுத்திக்கொள்வோம். இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கு மேல் போகிறது. அங்கே மூச்சு வாங்கும்.

பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 2025 ஏப்ரல் 22-இல் பஹல்காமில் சுற்றுலா வந்தவர்களைச் சுட்டதில் 26 பேர் செத்தார்கள். “அந்த மாசமே போணுமாக்கும்?” என்று போனில் அழுதாள். அந்தப் பயத்தை நான் தள்ளிப் பேசவில்லை, எனக்கும் இருக்கிறது. கிளம்புமுன் அரசின் அறிவிப்பைப் பார்ப்பது, வேண்டாம் என்றால் டிக்கெட் பணத்தை விட்டுவிடுவது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் தங்கப்போகும் படகு வீட்டுக்காரரிடம் பேசியபோது, அதன்பிறகு பல மாதம் அறைகள் பூட்டியே கிடந்ததாகச் சொன்னார். அம்மாவின் வயதைக் கேட்டுவிட்டு, படுக்கைக்கு வெந்நீர்ப் பை வைத்துவிடுகிறேன் என்றார். விலையைப் பற்றி அதன் பிறகுதான் பேச்சு வந்தது.

போன முறை என் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யவில்லை. வெளி மாநிலத்து ப்ரீபெய்டு அங்கே எடுக்காது என்பது போய்த்தான் தெரிந்தது. இரண்டு நாள் அம்மா இங்கே சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். இந்த முறை முதல் வேலையாகப் போஸ்ட்பெய்டுக்கு மாறிவிட்டேன், கூடவே அவளும் வருகிறாள் என்றாலும்.

அவளுக்கு நான் காட்ட நினைப்பது துலிப்பைக்கூட அல்ல. விடியுமுன் தால் ஏரிக்குள்ளே கூடும் காய்கறிச் சந்தையை. தண்ணீர்மேலேயே பயிரிட்ட காய்களையும் கீரையையும் படகில் குவித்துக்கொண்டு வருவார்கள். படகோடு படகை உரசி நிறுத்திப் பேரம் பேசுவார்கள். துடுப்பு வெற்றிலை வடிவத்தில் இருக்கும். கட்டுக் கட்டாகத் தாமரைத் தண்டு வரும். “வத்தல் போடுவமே, அதா?” என்று கேட்டாள். அதேதான், அங்கே அதை நத்ரு என்பார்கள், குழம்பு வைப்பார்கள் என்றேன். அன்றைக்கு முழுதும் அதைப் பற்றித்தான் பேச்சு.

ஷிகாராப் படகு தண்ணீரை ஒட்டித் தாழ்வாக மிதக்கும். படித்துறையிலிருந்து ஒரு கால் வைத்ததும் அசையும். அந்த நேரத்தில் மறு காலைத் தூக்கியாகவேண்டும். இதைச் சொன்ன மறுநாளிலிருந்து அம்மா காலையில் குறுக்குத்துறைக்குக் கிளம்பிவிடுகிறாள். தாமிரபரணிப் படித்துறையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி ஏறுகிறாள். முதல் வாரம் மூன்று படி. நேற்று ஏழு இறங்கினாள். எட்டாவது படி தண்ணீருக்குள் இருந்தது. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “விடுட்டி” என்று என் தோளிலிருந்து கையை எடுத்தாள்.