இரண்டு ஜிபி இடம் வீண்விரயமா?



வீண்விரயம் என்றவுடன் வலீமா விருந்தில் மிஞ்சிய சோறும், ஒளூச் செய்யுமிடத்தில் மூடாமல் விட்ட குழாயுமே நம் நினைவுக்கு வருகின்றன. நம் குடும்பங்களில் சிறு வணிகர் பலர். அவர்களுடைய பேரேடுகள் இன்று கணினிக்குள் சென்றுவிட்டன. ஆகவே எது விரயம், எது சிக்கனம் என்னும் கேள்வியும் அங்கே சென்றுவிட்டது.

செஞ்சி நெல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். அறுவடைக் காலத்தில் இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சுற்றுவட்டாரத்து நெல் மூட்டைகள் குவியும். நம் மஹல்லாவைச் சேர்ந்த அரிசி மண்டிக்காரர் ஒருவர், மூன்று கூட்டாளிகளின் கணக்கையும் விவசாயிகளுக்குத் தர வேண்டிய பாக்கியையும் ஒரே இடத்தில் வைக்கச் சிறிய சர்வர் ஒன்றை அமைக்க எண்ணினார். நம்மிடம் மக்தபில் ஓதிய இளைஞர் ஒருவர் அந்தப் பணியை ஏற்றார். வட்டைப் பிரிக்கும்போது ‘பூட்’ பகுதிக்கு 2 ஜிபி ஒதுக்க வேண்டும் என்றார் அவர். மண்டிக்காரருக்கு மனம் ஒப்பவில்லை.

“ஹஜ்ரத், பழைய பெட்டியில் 200 எம்பிதான் இருந்தது. இப்போது பத்து மடங்கு கேட்கிறார். அவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வைப்பது இஸ்ராஃப் ஆகாதா?” என்று நம்மிடம் கேட்டார்.

ஒரு பொருளின் தன்மையை அறியாமல் அதைப் பற்றிய தீர்ப்பைச் சொல்லலாகாது என்பது ஃபிக்ஹுப் பாடத்தின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுவது. எனவே அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் கேட்டறிந்தோம்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கணினி பெற்ற பிள்ளைகள் பலர், அதைத் திறந்தவுடன் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று கேட்கும் பட்டியலைக் கண்டிருப்பர். கணினி கண்விழிக்கும் அந்தச் சில நொடிகளுக்குரிய கோப்புகளே பூட் பகுதியில் இருப்பவை. லினக்ஸின் மையமான கெர்னலும், வட்டைத் திறந்து மற்றவற்றை எழுப்பும் துணைக் கோப்பும் அங்கே இருக்கும். கணக்கு, ரசீது, படம் எதுவும் அங்கே செல்வதில்லை.

செஞ்சிக் கோட்டை ஏறியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ராஜகிரியின் உச்சிக்குச் செல்லும் வழியில் ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பாறைப் பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. அதன்மேல் இட்ட சிறு பாலமே வழி. அப்பாலம் இல்லையேல், மேலே களஞ்சியம் நிறைந்திருந்தும் கீழே நிற்பவனுக்குப் பயனில்லை. பூட் பகுதியும் அத்தகையதே.

அப்படியாயின் 200 எம்பி ஏன் போதாது? பாதுகாப்புக்காகப் புதிய கெர்னல் அவ்வப்போது வருகிறது. புதியது பழுதானால் திரும்பிச் செல்வதற்காகப் பழையவற்றுள் ஒன்றிரண்டை வைத்திருக்க வேண்டும். துணைக் கோப்பையும் சேர்த்து ஒரு தொகுப்பு 100 முதல் 200 எம்பி வரை ஆகலாம். மூன்று தொகுப்புகளும், புதியது எழுதப்படும்போது தற்காலிகமாக வேண்டிய இடமும் சேர்ந்தால் 800 எம்பியை எட்டிவிடும். பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியனின் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. அதற்கு மாறுவோரின் பூட் பகுதி குறைந்தது 768 எம்பி அளவினதாகவும், அதில் ஏறத்தாழ 300 எம்பி காலியாகவும் இருக்க வேண்டும் என்று அதன் வெளியீட்டுக் குறிப்பே அறிவுறுத்துகிறது. ரெட் ஹேட் லினக்ஸ் குறைந்தது 1 ஜிபி கேட்கிறது.

இடம் குறைந்தால் நேர்வது என்ன என்பதையும் நாம் அறிவோம். வேறோர் ஊரில் நமக்குத் தெரிந்த வணிகர் ஒருவரின் சர்வரில் பூட் பகுதி நிரம்பிவிட்டது. புதிய கெர்னல் வந்திறங்கியது. துணைக் கோப்பை எழுத இடமில்லை. எச்சரிக்கையை எவரும் படிக்கவில்லை. சில நாள்களுக்குப் பின் மின்சாரம் போய் வந்தபோது கணினி எழவில்லை. தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்திருந்தால் அப்போதே எழுந்திருக்கும். அதை அறிந்தவர் கடையில் இல்லை. நெல் போட்ட விவசாயிகள் இரண்டு நாள் பணத்துக்காகக் காத்திருந்தனர். கணக்கு முழுவதும் வட்டில் பழுதின்றி இருந்தது, எடுக்கத்தான் வழியில்லை. உழைத்தவனுக்குரிய கூலியும் விலையும் தாமதமாவதை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதை வாசகர்கள் அறிவர்.

பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். பூட் பகுதி முடியுமிடத்திலேயே அடுத்த பகுதி தொடங்கிவிடுகிறது. இதை நீட்ட வேண்டுமானால் அதைச் சுருக்கி நகர்த்த வேண்டும். கணக்குகள் இருக்கும் பகுதியை நகர்த்துவது ஆபத்தான வேலை. எக்ஸ்.எஃப்.எஸ். முறையில் அமைந்த பகுதியோ பெரிதாகுமே தவிரச் சுருங்காது.

பூட் பகுதியே தனியாக வேண்டுமா என்றும் கேட்டோம். எளிய அமைப்பில் வேண்டியதில்லை என்றார் இளைஞர். ஆனால் விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்களும் தொலைபேசி எண்களும் அமானிதமாக இருப்பதனால் வட்டையே பூட்டி வைக்க முடிவு செய்திருந்தனர். சாவியைப் பூட்டிய பெட்டிக்குள்ளேயே வைக்க இயலாதல்லவா? ஆகவே கண்விழிக்கும் பகுதி வெளியே தனியாக நிற்கிறது.

இவ்வளவும் அறிந்தபின் மண்டிக்காரரிடம் நாம் சொன்னது இதுதான்: “பாய், உங்கள் வட்டு 500 ஜிபி. அதில் 2 ஜிபி என்பது 250-இல் ஒரு பங்கு. தேவைக்கு ஒதுக்குவது இஸ்ராஃப் அன்று. பயந்துபோய் 50 ஜிபி ஒதுக்கினால் அது இஸ்ராஃப்; அந்த இடம் உங்கள் கணக்குக்கும் உதவாது, கெர்னலுக்கும் வேண்டாம்.”

விரயத்தைத் தடுத்த அதே மார்க்கம் கஞ்சத்தனத்தையும் தடுத்திருக்கிறது. அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67-ஆவது வசனம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையையே நல்லடியார்களின் பண்பாகக் காட்டுகிறது. யூசுஃப் நபி (அலை) அவர்கள் செழிப்பான ஆண்டுகளில் தானியத்தைச் சேமிக்கச் சொன்னபோது, அன்றைய கண்ணுக்கு அது சும்மா கிடந்த தானியமாகத்தான் தெரிந்திருக்கும். வரப்போவதை எண்ணி வைக்கப்படும் இடம் காலியாகத் தெரிவது இயல்பே.

கடையில் சர்வர் அமைக்க எண்ணும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். பூட் பகுதிக்கு 1 ஜிபிக்குக் குறையாமல், இயன்றால் 2 ஜிபி கொடுங்கள். புதிய கணினிகள் கேட்கும் ஈ.எஃப்.ஐ. பகுதி வேறு, அதற்கு 512 எம்பி போதும். மாதம் ஒருமுறை எவ்வளவு காலி என்று பார்த்து, தேவையற்ற பழைய கெர்னல்களை அதற்குரிய கட்டளையால் நீக்குங்கள். கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். பழைய கெர்னலைத் தேர்ந்து கணினியை எழுப்பும் முறையை வீட்டில் இருவருக்காவது கற்றுக்கொடுங்கள். கணக்கின் நகலை வேறோர் இடத்திலும் வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும்.

நம் வணிகங்களில் ஹலாலான பரக்கத்தையும், பிறர் உரிமையைத் தாமதமின்றிக் கொடுக்கும் நல்வாய்ப்பையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.